தென்னாப்பிரிக்கத் தேர்தல் சட்டத் திருத்தத்தை எடைபோடுவது எப்படி?

தேர்தல் சட்டம் மாறுகிறது என்று செய்தி வந்தால், தேட வேண்டியது கேப் டவுன் நாடாளுமன்றத்தில் இருக்கும் மசோதாவை. குவாசூலு-நட்டால் சட்டமன்றத்துக்கான தேர்தல் முறையைக்கூட மாகாணம் வகுப்பதில்லை. அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு அதைத் தேசியச் சட்டத்திடம் விட்டிருக்கிறது.

மசோதா எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டியிருந்தால், இடையில் திருத்தம் நடந்திருக்கிறது. பழைய படியை வைத்து வாதாடுகிறவர்கள் நிறையப் பேர். கடைசிப் படியை எடுங்கள். சதுர அடைப்புக்குள் தடித்த எழுத்தில் இருப்பது நீக்கப்படுவது, அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்வது. 1998ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் தலைகால் புரியாது.

அடுத்து, யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று பாருங்கள். தேர்தல் சட்டத்தின் 24ஏ பிரிவையே எடுத்துக்கொள்வோம். முன்பு தேர்தலன்று வேறு வாக்குச்சாவடிக்குப் போய்ப் படிவம் நிரப்பி வாக்களிக்கலாம். 2024இல் அது முடியவில்லை. மே 29 வாக்களிப்புக்கு மே 17க்குள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தில் பதிவு செய்துவிட்டு ஃபீனிக்ஸில் மகள் வீட்டில் இருக்கும் பாட்டி, தெரிவித்திருந்தால் மூன்று வாக்குச்சீட்டும் (தேசியச் சீட்டு, நாடாளுமன்றத்துக்கான மாகாணவாரிச் சீட்டு, மாகாணச் சட்டமன்றச் சீட்டு) பெறுவார். ஜோகன்னஸ்பர்க்கில் படிக்கும் பேரனோ தெரிவித்திருந்தாலும் தேசியச் சீட்டு ஒன்றோடு சரி, மாகாணம் மாறிவிட்டதே. இருக்கும் ஊருக்கே பதிவை மாற்றுவதுதான் அவனுக்கு வழி. ஆனால் தேர்தல் தேதி அரசிதழில் வெளியானதும் பட்டியல் மூடப்படும். 2024இல் அது பிப்ரவரி 23, வாக்களிப்புக்கு 96 நாள் முன்பு! உள்ளாட்சித் தேர்தலில் வேறு சாவடியில் வாக்களிக்கும் சலுகையே இல்லை, பதிவு செய்த சாவடியில் மட்டுமே வாக்கு.

இந்த மாற்றம் நியாயமா? எந்தச் சாவடிக்கு எத்தனை சீட்டு என்று முன்கூட்டியே கணக்கிட இது உதவும் என்பது சரிதான். ஆனால் சாவு வீடு பன்னிரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டா வரும்? அரசியல் சாசனத்தின் 36ஆம் பிரிவின் அளவுகோல் இதுதான்: உரிமையைக் குறைப்பதற்கான காரணம் போதுமா, இதைவிடக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா?

கையெழுத்தானதும் சட்டம் அமலாகிவிட்டதாக நினைக்காதீர்கள். சுயேச்சைகளை அனுமதித்த 2023 திருத்தம் ஏப்ரலில் கையெழுத்தாகி, ஜூன் 19இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், சுயேச்சைகளிடம் முந்தைய தேர்தலில் ஓர் இடத்துக்குத் தேவைப்பட்ட வாக்குகளில் 15 விழுக்காட்டுக் கணக்கில் கேட்ட ஆதரவுக் கையெழுத்து நிபந்தனையைத் தள்ளி 1000 கையெழுத்து போதும் என்றது. எனவே அச்சிட்ட சட்டத்தோடு தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டம் மாறாமலேகூட வாய்ப்பு சுருங்கலாம். 2024இல் வாக்காளரைச் சரிபார்க்கும் கருவிகள் பல சாவடிகளில் மக்கர் செய்ய, வரிசை இரவு 9 மணியையும் தாண்டியது. 9 மணிக்குள் வரிசையில் நின்றவருக்கு வாக்கு உண்டு. ஆகவே கருவி நின்றால் அச்சிட்ட பட்டியலுக்கு எப்போது மாற வேண்டும் என்பதையும் தேடிப் பாருங்கள்.

குறை கண்டால் மசோதா நாடாளுமன்றக் குழுவில் இருக்கும்போதே எழுத்தில் கொடுங்கள்: பிரிவு எண், பாதிக்கப்படுகிறவர் யார், மாற்றாக என்ன வாசகம் வேண்டும் என்பது மட்டும், ஒரு பக்கத்துக்குள்.