கைக்குழந்தையுடன் வெளிநாடு செல்லும் மதுரைப் பெற்றோருக்கு

மதுரையிலிருந்து கொழும்புக்கோ துபாய்க்கோ சுற்றுலா செல்வதாயினும் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் கட்டாயம் என்பதால், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைப் பதிவு செய்வதே முதல் வேலையாக இருக்கட்டும். பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் செல்லும்போது பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட உறுதிமொழியையும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த குழந்தையின் புகைப்படத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

2 வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து பயணிக்கலாம். திரும்பும் நாளுக்குள் அந்த வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும் என்பதை, பயணச்சீட்டு எடுக்கும்போதே கவனிப்பது நல்லது.

விமானம் மேலேறும்போதும், அதைவிடக் குறிப்பாகத் தரையிறங்கத் தொடங்கும்போதும், காற்றழுத்தம் மாறுவதால் குழந்தையின் காது வலிக்கும். அந்நேரம் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்தால், விழுங்கும் அசைவில் நடுச்செவிக் குழல் திறந்து வலி தணியும். ஆகவே ஏறுவதற்குச் சற்று முன்பே முழுமையாகப் பசியாற்றிவிட வேண்டாம்.