நாணயக் குத்தியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

எங்கள் வீட்டில் 1957ஆம் ஆண்டு 5 ரூபாய் வெள்ளிக் குத்தி ஒன்று உண்டு. 2500ஆவது புத்த ஜயந்திக்காக அடித்தது. இலங்கையின் முதல் ஞாபகார்த்தக் குத்திகளில் ஒன்று. அம்மம்மா சாமித்தட்டில் வைத்திருந்தார். கறுத்துக் கிடக்கிறதே என்று, ஒரு தீபாவளிக்கு முதல்நாள் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தவன் நான்தான். பளபளவென்று வந்தது. பிறகு ஒரு சேகரிப்பாளரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மயிரிழை மயிரிழையாகக் கீறல். "வெள்ளிக்கு உள்ள விலைதான் தம்பி" என்றார்.

ஆகவே கறுப்பைத் தொடாதீர்கள். குத்தியை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது.

அப்புறம், போலியா என்று அறிய எடை நிறுத்துப் பாருங்கள். இந்த 5 ரூபாய் 28.28 கிராம், நகைக்கடைக் கணக்கில் மூன்றரைப் பவுனுக்குச் சற்று மேல். காந்தம் பிடித்தால் அது வெள்ளியே இல்லை.

வெளிநாட்டுக் குத்தி என்றால் இன்னும் கவனம். மெல்பேர்னிலிருந்து வந்த மச்சான் பசிபிக் கடலிலுள்ள நியுவே தீவின் 2 டொலர் வெள்ளிக் குத்தி தந்தான்; ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் மிக்கி மவுஸ். நியுவேயில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. கடைகளில் புழங்குவது நியூசிலாந்து டொலர். மிக்கி மவுஸைக் கொடுத்து அங்கே யாரும் பாண் வாங்குவதில்லை. குத்தி அடிப்பது வெளிநாட்டில், வாங்குவது உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள். தன் பெயரைப் போட விட்டதற்குத் தீவுக்கு ஒரு பங்கு. சின்ன நாட்டுக்கு அதுவும் வருமானம்தான், பிழை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதானால் 2 டொலர் என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை கிராம் வெள்ளி, எத்தனை குத்தி அடித்தார்கள் என்று அத்தாட்சிப் பத்திரத்தில் பாருங்கள். நிறம் பூசியதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

செலவில்லாமல் தொடங்க விரும்பினால், மத்திய வங்கி 2013 என்று ஆண்டு பொறித்து மாவட்டத்துக்கு ஒன்றாக வெளியிட்ட 25 பத்து ரூபாய்க் குத்திகளைத் தேடுங்கள். திருகோணமலைக் குத்தி சந்தையில் மீன் வாங்கிய மிச்சக் காசில்தான் எனக்குக் கிடைத்தது.

திருகோணமலையில், எங்கள் உட்துறைமுக வீதிப் பக்கம் யன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்கிறது. மலிவான பிளாஸ்டிக் அல்பத்தில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டை உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு இறுக்கமான பேணியில் மூடுங்கள்.

அம்மம்மாவின் குத்தி ஓரத்தில் திரும்பவும் கறுக்கிறது. கார்த்திகை விளக்கீடு வருகிறது, பேணியை என் கைக்கே எட்டாத தட்டில் ஏற்றிவிட்டேன்.