வன்னியிலிருந்து இங்கிலாந்து சென்றவர்களுக்கு: சுகவீன விடுமுறை எடுக்க அஞ்ச வேண்டாம்

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் சென்று இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களிலும் சமையற்கூடங்களிலும் களஞ்சியசாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். வங்கிக் கணக்குத் திறப்பது, தேசிய காப்புறுதி இலக்கம் பெறுவது, வாடகை அறை தேடுவது பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர அங்கே பலர் இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாத நாளில் முகாமையாளரை அழைத்து "இன்று வர இயலாது" என்று சொல்வது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கே பல வருடங்கள் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்துவிட்டு இப்போது விசுவமடுவுக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "அக்கா, லீவு போட்டால் விசாவை வெட்டிவிடுவார்களா?" என்று கேட்கும் அழைப்புகள் எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நமது ஊரில் பெரும்பாலானோருக்கு வேலைக்குப் போனால்தான் அன்றைய கூலி. ஆடைத் தொழிற்சாலைகளில் மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் வருகைக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்பதற்காக, தலையிடிக்கு இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு இயந்திரத்தின் முன் அமர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலில் காய்ச்சல் விட்ட நாளில் வயலுக்குப் போன தகப்பன்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2009இல் எறிகணைகளுக்கு நடுவே காயத்தோடும் பசியோடும் ஓடியவர்களுக்கு, தடிமனும் வயிற்றோட்டமும் ஒரு நோயாகவே தோன்றாது. அந்த மனவலிமையைப் பற்றி எனக்குப் பெருமையே. ஆனால் அதே மனவலிமைதான், நோய் வந்து படுத்திருப்பதைக் களவு செய்ததைப் போல உணரவைக்கிறது.

முறையான விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாட்களையும் சேர்த்து 7 நாட்கள் வரையிலான நோய்க்கு வைத்தியரின் சான்றிதழ் தேவையில்லை. உங்கள் சொந்த அறிவிப்பே போதும். நமது ஊரைப் போல ஒரு நாள் லீவுக்கும் காசு கொடுத்து "மெடிக்கல்" எடுக்கும் வேலை அங்கே இல்லை. 7 நாட்களைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். 2022 ஜூலை முதல் அதை வைத்தியர் மட்டுமன்றித் தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர் போன்றோரும் வழங்கலாம். சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவு 28 வாரங்கள் வரை உண்டு. முன்பு முதல் மூன்று வேலை நாட்களுக்கு அது கிடைக்காது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது, குறைந்த வருமானம் பெறுபவர்களும் அதற்குள் அடங்குகிறார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லையென்று அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இனி என் தோழிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தருமபுரத்தைச் சேர்ந்த அவர், வேலை தந்த நிறுவனத்தின் அனுசரணை விசாவில் சென்று ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தவர். ஒரு மார்கழி இரவில் கடுமையான வாந்தியும் காய்ச்சலும் வந்தன. முகாமையாளரிடம் நேரே பேச வெட்கமும் பயமுமாக இருந்ததால், ஒரே வீட்டில் தங்கியிருந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் "எனக்கு ஏலாது என்று சொல்லிவிடு" என்று சொல்லியனுப்பினார். நமது ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பாடசாலைக்கு லீவுக் கடிதம் கொடுத்தனுப்பிப் பழகியவர்களுக்கு இதில் தவறேதும் தெரியாது. அந்தப் பெண் யாரிடமோ சொன்னார். அது முகாமையாளரை எட்டவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது, அறிவிக்காமல் வராமலிருந்ததற்கான எச்சரிக்கைக் கடிதம் காத்திருந்தது. அந்த இரண்டு நாட்களையும் வருடாந்த விடுமுறையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோது, கோபப்படாமல் பேசுகிறார்களே என்ற நன்றியில் அதற்கும் கையெழுத்திட்டார். அதன் பின்பு அந்தக் குளிர்காலம் முழுவதும் இருமலோடு ஓவர்டைமும் செய்து, கடைசியில் நிமோனியாவாகி மருத்துவமனையில் கிடந்தார். அவரைப் பார்க்கப் போன அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அந்த நாட்டில் வேலையிடம் மன்னிக்காத விடயம், நோயைவிட, அறிவிக்காமல் இருப்பதுதான். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் யாரை, எத்தனை மணிக்கு முன்பு அழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை நோய் வருவதற்கு முன்பே வாசித்து, இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். நீங்களே அழையுங்கள், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாலன்றி இன்னொருவரை நம்பி விடாதீர்கள். அழைத்த நேரத்தை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பி வையுங்கள், பின்னர் கேள்வி வந்தால் அது உங்கள் கையில் இருக்கும். சுகவீன விடுமுறைக்கு உரித்துள்ள ஒருவரை வருடாந்த விடுமுறையில் போகும்படி வற்புறுத்த முதலாளிக்கு உரிமையில்லை.

விசாவைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. ஒரு வருடத்தில் 4 வாரங்களுக்கு மேல் ஊதியமின்றி வராதிருந்தால் அனுசரணை நிறுத்தப்படலாம் என்ற விதியைத்தான் ஆளாளுக்குத் திரித்துச் சொல்கிறார்கள். அந்த விதியிலிருந்து சுகவீன விடுமுறைக்கு விலக்கு இருக்கிறது. அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலை நாட்கள் வராவிட்டால் நிறுவனம் உள்துறை அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். அதனால்தான் அந்தத் தொலைபேசி அழைப்பை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

குற்றவுணர்வினால் அரைகுறையாகத் தேறி ஓடிப்போவது உங்களுக்கே பாதகமாகலாம். பல நிறுவனங்கள் பிராட்போர்ட் காரணி என்ற கணக்கை வைத்திருக்கின்றன: ஒரு வருடத்தில் எத்தனை தடவை விடுமுறை எடுத்தீர்கள் என்ற எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, பின்பு மொத்த நாட்களாலும் பெருக்குவார்கள். 6 நாட்கள் ஒரே தடவையாகப் படுத்திருந்தால் புள்ளி 6. அதே 6 நாட்களை மூன்று தடவையாக எடுத்தால் 54. இரண்டாம் நாளே எழும்பிப் போய் மறுபடி விழுபவரைத்தான் அந்தக் கணக்கு கூடுதலாகத் தண்டிக்கிறது. வாந்தி, வயிற்றோட்டம் என்றால் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவு கையாளும் இடத்துக்கோ முதியோரைப் பராமரிக்கும் இடத்துக்கோ போகவே கூடாது. எண்பது வயது அம்மாவுக்கு உங்களிடமிருந்து அது தொற்றினால் அவருடைய உயிருக்கே ஆபத்தாகலாம்.

அழைக்கும்போது கைகால் பதறுகிறது என்று பலர் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்து வாசியுங்கள்: என்ன நோய், எப்போது தொடங்கியது, இன்றைய வேலைமுறைக்கு வர இயலாது, அடுத்து எப்போது அழைப்பேன். இவ்வளவும் போதும். நாம் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டு, நேற்றுச் சாப்பிட்டது முதல் விளக்கத் தொடங்கும்போது, "அப்படியென்றால் அரை நாளாவது வர முடியுமா?" என்ற கேள்வியை நாமே வரவழைக்கிறோம். உங்களுக்குப் பதிலாக ஆள் பிடிப்பது முகாமையாளரின் வேலை. அதற்காகவும் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பேசி முடித்ததும் வேலைக் குழுவின் வட்ஸ்அப்பை மௌனமாக்கிவிட்டு, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துவிட்டுத் தூங்குங்கள். "அவள் சும்மா படுத்திருக்கிறாள்" என்று பேசுபவர்களில் நம்மவர்களே முதலில் நிற்பார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். அவர்களுக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மனநோயும் இதே விதிகளுக்குள் வருகிறது. நித்திரையில் எறிகணைச் சத்தம் கேட்டு விழிப்பவர்கள், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து வேலைக்குக் கிளம்ப முடியாதவர்கள் நம்மிடையே பலர். வைத்தியரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். முழுநேர வேலைக்கு உடனே திரும்ப முடியாதென்றால், நேரத்தைக் குறைத்துப் படிப்படியாகத் திரும்பலாம் என்று சான்றிதழிலேயே அவர் எழுத முடியும்.

இந்தப் பதற்றத்தின் அடியில் பெரும்பாலும் கடன்தான் இருக்கிறது. பயணத்துக்காக அடைவு வைத்த நகைக்கும் வட்டிக்கு வாங்கிய காசுக்கும் மாதம் தவறாமல் அனுப்ப வேண்டும் என்ற கணக்கில், ஒரு வாரச் சம்பளம் குறைவதை நினைத்தாலே உயிர் போகிறது. சுகவீனக் கொடுப்பனவு முழுச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆகவே தவணையைப் பேசும்போதே அனுப்பக்கூடிய உச்சத் தொகையைச் சொல்லாமல் அதில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்லுங்கள், மிஞ்சுவதை அங்கேயே ஒரு தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், நோயுற்ற மாதத்தில் அதிலிருந்து எடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.