குச்சியும் நிழலும்: பொட்டலில் திசை கண்டுபிடிப்பது எப்படி?

எட்டாம் வகுப்பு முடிந்த மே மாதம், சாரணர் முகாம். காரைக்குடிக்குத் தெற்கே வற்றிய கண்மாய்க்கரை. உச்சி வெயிலில் எங்கள் ஆறு பேரைக் காட்டுக்குள் விட்டு, "வடக்கே நடந்து தார் ரோட்டைப் பிடிங்க" என்றார்கள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று படித்திருந்தோம். குச்சி நட்டோம், நிழல் காட்டிய பக்கம் மிடுக்காக நடந்தோம். சீமைக்கருவேலம் தலைக்கு மேல் நின்றதால் ஒரு கோபுரம்கூடத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஆடு மேய்த்த ஒரு வயசான அம்மாதான் சொன்னார்: "ஏப்பா, காரைக்குடி உங்க முதுகுப் பக்கமுல்ல இருக்கு!"

காரணம் எளிது. காரைக்குடி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். நாங்கள் படித்த அந்த வரி வடக்கே உள்ள குளிர்நாட்டுக்கு என்றைக்கும் சரி, நமக்கு மே மாதத்தில் தலைகீழ். எல்லா மாதமும் ஏமாற்றாத வழி இது:

1. சமதரையாகப் பாருங்கள். சரளையைக் காலால் ஒதுக்கிவிட்டால் செம்மண்ணில் கோடு பளிச்சென்று விழும்.

2. ஒரு மீட்டர் குச்சியை நடுங்கள். செங்குத்தாக நிற்க வேண்டும், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். சணலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் இரண்டு பக்கமும் பாருங்கள்.

3. காலை 10 மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல். குச்சியின் அடியில் சணலைச் சுற்றி, கல் வரை இழுத்து, ஆணியால் வட்டம் போடுங்கள்.

4. காத்திருங்கள். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், அப்புறம் மறுபக்கம் நீளும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. காரைக்குடி அதற்கு மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுது பெரும்பாலும் 12.15-ஐ ஒட்டி வரும். சில மாதங்களில் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். ஆக, 1.45-க்கே வந்து குந்திக்கொள்ளுங்கள். நுனி வட்டத்தை மறுபடி தொடும் இடத்தில் இரண்டாவது கல்.

5. இரண்டு கல்லையும் இணைத்துக் கோடு போடுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. மேற்கு இடக்கைப் பக்கம் இருக்கும்படி நின்றால் முகம் வடக்கே.

அவ்வளவு நேரம் இல்லையா? நுனியைக் குறித்து 20 நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். அப்போதும் முதல் குறி மேற்குதான். ஆனால் உச்சிவேளையை ஒட்டிச் செய்யுங்கள். அதிகாலையிலும் மாலையிலும் கோடு சாய்ந்துவிடும்.

பழைய சிற்ப நூல்களில் மனைக்குத் திசை பார்க்கும் முறையும் இதுவே. நடுவில் நடும் முளைக்குச் சங்கு என்று பெயர். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீள்பவை. முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் குச்சியைக் குத்தி, எங்கள் வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த முற்றத்தில், சாக்பீஸால் வட்டம் போட்டேன். கோடு தூண் வரிசைக்கு இணையாக வந்தது. வத்தல் காயப்போட இடமில்லை என்று அப்பத்தா டப்பாவைத் தூக்கிப் போட்டார். நல்லவேளை, அதற்குள் இரண்டாவது கல்லை வைத்துவிட்டேன்.