கார் இருக்கையின் பக்க மூடியைத் திரும்பப் பொருத்துதல்

பெங்களூரின் குண்டும் குழியுமான சாலைகளில் நாள்தோறும் ஓடும் காரில், இருக்கையின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி கழன்று தொங்கினால், பெரும்பாலும் உடைந்த கிளிப்தான் காரணம்.

முதலில், சாய்வுப் பகுதியின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்ற சிட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இருக்கையின் அடியிலுள்ள மஞ்சள் நிற கனெக்டரைத் தொடக் கூடாது. அந்த ஓரத்தை ஒட்டவோ தைக்கவோ கூடாது, ஏனெனில் விபத்தின்போது காற்றுப்பை அவ்வழியாகத்தான் கிழித்துக்கொண்டு வெளிவர வேண்டும். இதில் சிறு அலட்சியமும் வேண்டாம்.

திருகுகளைக் கழற்றிய பின், கீறல் விழாதபடி பிளாஸ்டிக் பட்டையால் மூடியை நெம்பி எடுங்கள். உடைந்த கிளிப்பைக் கையோடு கொண்டுசென்று ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. தண்டின் தடிமன் 1 மி.மீ. குறைந்தாலும் பிடி நிற்காது.

கிளிப் அமரும் பகுதியே உடைந்திருந்தால், மூடியின் பின்புறத்தில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள். ஏபிஎஸ், அதாவது ஒரு வகைக் கடின பிளாஸ்டிக் என்றால், இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, எபாக்ஸி பசையிட்டு, 24 மணி நேரம் அசைக்காமல் விடலாம். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால், சாதாரணப் பசை பிடிக்காது. பசை பிடிக்க உதவும் பூச்சாக அதற்கென விற்கும் பிரைமர் முதலில் தேவை. உடனடிப் பசையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டுகளைப் படியவைக்கும்.

எல்லாக் கிளிப்புகளும் துளைகளுக்கு நேராக இருப்பதை உறுதிசெய்து, உள்ளங்கையால் அழுத்துங்கள். சாய்வு நெம்புகோல் உரசாமல் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.