சிறிய பசுமைக் கட்சியின் மாநாட்டு வரலாற்றை எழுதுவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழர்கள் தங்கள் பகுதிச் சிறிய பசுமைக் கட்சியின் மாநாட்டு வரலாற்றை எழுத முற்பட்டால், மூத்தவர்களின் நினைவைக் கேட்பதற்கு முன் ஒவ்வொரு மாநாட்டின் நோட்டீசையும் தீர்மான நோட்டையும் தேடி எடுக்க வேண்டும். நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கும் டீக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மலையாள நோட்டீசில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக்கணக்கு) மட்டும் இருந்தால், சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825-ஐயும் கூட்டி ஆங்கில ஆண்டைக் கணக்கிடலாம்.

அதே மாவட்டத்துப் பிளாச்சிமடையில், நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்கோ கோலா ஆலைக்கு எதிரான போராட்டம் 2002 ஏப்ரல் 22 அன்று தொடங்கியது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இவ்விரு நாள்களுக்கும் முன்னும் பின்னும் நிறைவேறிய நிலத்தடி நீர்த் தீர்மானங்களை, தமிழ் வடிவமும் மலையாள வடிவமுமாக அருகருகே வைத்து, எந்தச் சொல் சேர்ந்தது, எது கைவிடப்பட்டது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் வரலாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மாநாடு நடக்காத ஆண்டுகளை மறைக்க வேண்டியதில்லை. உலகப் பசுமைக் கட்சிகளே 2001-இல் கான்பெராவிலும், 2008-இல் சாவோ பாலோவிலும், 2012-இல் டக்காரிலும், 2017-இல் லிவர்பூலிலும் என்று சமமற்ற இடைவெளிகளில்தான் கூடியிருக்கின்றன.