முகாம்களை எண்ணினால் போதாது: சுகாதார நடவடிக்கைப் பட்டியல் தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சமூக நலிவை, அதாவது வறுமை, தொழில், வாழிடம் போன்றவற்றால் மக்கள் பின்தங்கிப்போவதை, குறைக்கும் பொதுச் சுகாதார நடவடிக்கைகள் எவையெவை என்று யாராவது பட்டியல் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சிலருக்கு அது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு, சிலருக்குத் தொண்டு நிறுவன விண்ணப்பத்துக்கு, சிலருக்கு முதுநிலை ஆய்வேட்டுக்கு. அந்தப் பட்டியல்களைச் சரிபார்ப்பது பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாக வருபவர்கள் கெட்டிக்காரர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனாலும் எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கூட்டல் பிழை, ஊர்ப் பெயர் மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மறுபடி படித்தால் அவை அகப்பட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாதவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாவட்டச் சராசரியிலிருந்து தொடங்குவது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரிக்கு. ஏறத்தாழ 92 சதவீதம். அதைப் பார்த்ததும் “இங்கே நலிவு குறைவு” என்று முன்னுரை எழுதி முடித்துவிடுகிறார்கள். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்புகள், விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகும் குடும்பங்கள், முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்கள், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் கடலோர ஊர்கள் எல்லாமே அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகின்றன. பட்டியலின் முதல் கலத்தில் மாவட்டத்தின் பெயரை எழுதாதீர்கள். எந்தக் குழுவுக்கானது என்பதை எழுதுங்கள்.

ஒரே திட்டத்தைப் பலவாக எண்ணுவது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயுடன் தொடங்கியது; 2018 முதல் 18,000 ரூபாய். பணம் தவணைகளாக வருகிறது, ஊட்டச்சத்துப் பெட்டகம் தனியாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி, பெட்டகத்துக்கு ஒரு வரி, வட்டார அறிக்கையில் ஒரு வரி என்று ஒரே திட்டம் பல நடவடிக்கைகளாக உருவெடுத்து என் மேசைக்கு வருகிறது. சுகாதார நடவடிக்கைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு வகைப்பாடு ஒரு நடவடிக்கையை மூன்று அச்சுகளால் அடையாளம் காண்கிறது: எதை நோக்கி, என்ன செயல், எந்த வழியில். மூன்றும் ஒன்றாக இருந்தால் வரியும் ஒன்றுதான். எண்ணத் தொடங்கும் முன்பே இந்த அலகை முடிவு செய்துகொள்ளுங்கள்.

நடந்த இடத்தை வைத்து வகைப்படுத்துவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரமூட்டுவது இந்தத் தவறுதான். ஏழைகள் வாழும் ஊரில் ஒன்று நடந்துவிட்டால், அது ஏழைகளுக்கானது என்று குறித்துவிடுவது.

மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு மீனவர் ஊருக்கான பட்டியல் ஒருமுறை என்னிடம் வந்தது. பாதிக்கு மேல் மருத்துவ முகாம்கள். கண் பரிசோதனை, சர்க்கரை, இரத்த அழுத்தம், பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் நேராக ‘நலிந்தோருக்கானது’ என்ற ஒரே குறி. முகாம் பதிவேட்டை வரவழைத்தேன். வரிசை எண், பெயர், வயது, பால், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, கொடுத்த மாத்திரை என்று கோடு போட்ட கலங்கள். தொழிலுக்குக் கலம் இல்லை. மேலே முகாம் நேரம் எழுதியிருந்தது: காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை.

அந்த நேரத்தில் அந்த ஊரில் யார் இருப்பார்கள்? மீன் விற்கும் பெண்கள் இருட்டோடு எழுந்து, கரையில் ஏலம் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து பஸ் ஏறிவிடுவார்கள். சந்தை முடிந்து வீடு திரும்பப் பிற்பகலாகிவிடும். ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் வாரக்கணக்கில் கரையைப் பார்ப்பதில்லை. முகாமுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீட்டுக்காரர்களும், வேலைக்குப் போகத் தேவையில்லாதவர்களும்தான். கிராம சுகாதார செவிலியர் ஒளிக்காமல் சொன்னார்: “மீன் விற்கிற அக்காமார் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நாங்கள் பந்தலைப் பிரித்திருப்போம், சார்.” தேவாலயப் பங்கு மண்டபத்துப் படியில் வலை நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி இன்னும் நேராகக் கேட்டார்: “மக்களே, பத்து மணிக்கு நாங்கள் இங்கே வந்து உட்கார்ந்தால், மீன் விற்க நீங்களா போவீர்கள்?”

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் இதைத்தான் எழுதினார்: நல்ல மருத்துவம் தேவை எங்கே அதிகமோ, அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. ஓர் ஊருக்குள்ளேயே, ஒரு தெருவுக்குள்ளேயே இது நடக்கும் என்பதை அந்தப் பதிவேடு காட்டியது.

இதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? பட்டியலில் அதிக நடவடிக்கைகள் பெற்ற ஊராக அதுவே வந்து நின்றது. அடுத்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது “அங்கே நிறையச் செய்தாகிவிட்டது” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், காலில் புண் வைத்த பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அந்த ஒரு கலத்தில் விழுந்த குறிக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் இதை விடாமல் சொல்கிறேன்.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நலிவுக்குக் காரணமானதையே இது மாற்றுகிறதா? நலிவு அப்படியே இருக்க, அதைத் தாண்டிச் சேவை போய்ச் சேர வழி செய்கிறதா? அல்லது நலிவினால் வந்த நோய்க்கு மருந்து மட்டும் தருகிறதா? மூன்றும் தேவைதான், ஒன்றை மற்றொன்றாக எழுதுவதுதான் கூடாது. பத்து மணி முகாம் மூன்றாவது வகை. அதே முகாம் மாலை ஆறு மணிக்கு நடந்தால் இரண்டாவது வகை. மீன் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறையும் தண்ணீரும் அமைத்துக் கொடுப்பது முதல் வகை. நாள் முழுவதும் சிறுநீரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் நிலையையே அது மாற்றுகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முகாமைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றினால் பட்டியலில் ஒரு வரிகூட அதிகமாகாது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்கவில்லை. அந்த ஊரில் நடந்திருக்கக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் அதுதான்.

திட்டத்துக்கு ஒரு வகை என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நடமாட முடியாத முதியவருக்கு அது இரண்டாவது வகை, சந்தேகமேயில்லை. வீட்டிலேயே இல்லாத ஆழ்கடல் மீனவருக்கு? மகப்பேறு நிதியுதவிக்கும் 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்கள் மட்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. சிறு வயதில் மணமுடித்துத் தாயானவளுக்கு உதவி யாரையும்விட அதிகம் தேவை. நிபந்தனை அவளைத்தான் வெளியே நிறுத்துகிறது. எனவே வகையைத் திட்டத்துக்கும் குழுவுக்கும் சேர்த்துத்தான் குறிக்க வேண்டும். ஒரு திட்டம், இரண்டு குழு, இரண்டு வேறு வகை என்று வந்தால் பயப்படாதீர்கள், அப்படியே எழுதுங்கள்.

சுகாதாரத் துறையோடு நின்றுவிடுவது

1982-இன் சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், நியாயவிலைக் கடை அரிசி, 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்: இவற்றை விட்டுவிட்டு நலிவைக் குறைக்கும் பட்டியல் எழுத முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக ஏற்படுத்திய கிணறு இந்த மண்ணின் பெரிய சுகாதார நடவடிக்கைகளில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. அதை எந்தத் துறையின் பதிவேட்டில் தேடுவது?

விதிமுறைகளையும் யாரும் எண்ணுவதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கே ஒன்று. நலிந்த இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று எழுத்திலேயே இருக்கும் ஏற்பாடு இது. பட்டியலில் சேருங்கள். சேர்த்த கையோடு, அந்த நிலையம் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

‘மற்றவை’

அந்தக் கலம் நிரம்பி வழிந்தால் உங்கள் வகைப்பாடு சரியில்லை. திரும்பப் போய் வகைகளை மாற்றுங்கள்.

நின்றுபோனதை நடப்பதாக எழுதுவது

கடைசியாக எப்போது நடந்தது என்ற தேதி இல்லாத வரியை நான் ஏற்பதில்லை.

காலிக் கட்டங்களை மறைப்பது

பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வொயிட்ஹெட் 2007-இல் இத்தகைய நடவடிக்கைகளை நான்காக வகுத்தார்: தனிமனிதரை வலுப்படுத்துபவை, சமூகக் குழுக்களை வலுப்படுத்துபவை, வாழ்க்கை மற்றும் வேலைச் சூழலை மேம்படுத்துபவை, நாட்டின் பெருங்கொள்கைகளை மாற்றுபவை. என்னிடம் வரும் பட்டியல்களை இந்த நான்கில் பிரித்தால் முதல் கட்டம் பிதுங்குகிறது: விழிப்புணர்வுக் கூட்டம், கை கழுவும் பயிற்சி, ரத்தசோகை குறித்த துண்டறிக்கை. முந்திரி ஆலைப் பெண்களுக்கு நேராக வேலைச் சூழல் என்ற கட்டத்தைப் பார்த்தால் வெறுமை. முந்திரித் தோட்டிலிருந்து கசியும் பாலில் வெந்து கறுத்த விரல்களோடு அவர்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதியவர்கள் அந்தக் காலிக் கட்டத்தை அறிக்கையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அட்டவணை அழகாக இல்லையாம். அதை நீக்கவே நீக்காதீர்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். அடுத்த ஆண்டு பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஒரே பகுதி அதுதான்.

ஒருவரே எல்லாவற்றையும் வகைப்படுத்துவது

இருவர் தனித்தனியாக வகைப்படுத்தட்டும், பிறகு ஒப்பிடட்டும். இருவரில் ஒருவராவது அந்த ஊரில் களப்பணி செய்தவராக இருக்க வேண்டும். கருத்து மாறுபடும் வரிகளை வாக்கெடுப்பால் தீர்க்காமல், பதிவேட்டை எடுத்துவைத்துப் பேசித் தீருங்கள். பதிவேட்டில் தொழில் கலம் இல்லையென்றால், அடுத்த முகாமுக்கு முன்பே அதைக் கோடு போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.